டைட்டனா, மிதவைக் கிரேனா, கொட்டிய கல்லா?

உவரி, இடிந்தகரைப் பக்கம் தூண்டில் வளைவு அமைக்கையில் டிப்பர் கொட்டிய பாறாங்கற்களைப் பொக்லைன் அடுக்குவதைப் பார்த்தவர்களுக்கு, அலைத்தடுப்புச் சுவர் கட்டத் தண்டவாளத்தில் ஓடும் டைட்டன் என்ற ராட்சதக் கிரேன் எதற்கு என்று தோன்றலாம். 19ஆம் நூற்றாண்டுப் பொறியாளர்களுக்குக் கல் கொட்டுவதோடு, கான்கிரீட் கட்டிகளை டைட்டன் கிரேனால் அடுக்குவது, மிதவைக் கிரேனால் இறக்குவது என்ற வழிகளும் இருந்தன.

டைட்டனின் பலம், தான் கட்டிய சுவரின் மேலேயே நின்று வேலை செய்வதுதான். கரையில் வார்த்து இறுகவிட்ட கட்டி தள்ளுவண்டியில் அதன் பின்னால் வந்து சேரும். நீண்ட கை அதைத் தூக்கி, சுவரின் முனைக்கு அப்பால் கொண்டுபோய் இறக்க, நீருக்குள் நிற்கும் முக்குளிப்பவர் உரிய இடத்தில் அமரச் செய்வார். வேலை முன்னேற முன்னேறத் தண்டவாளமும் நீளும். கராச்சியின் மனோரா சுவரில் 27 டன் கட்டிகளை இப்படித்தான் சாய்வாக அடுக்கினார்கள்.

மிதவைக் கிரேனுக்கு எடை ஒரு பொருட்டல்ல. அயர்லாந்தின் டப்ளினில் துறைமுகப் பொறியாளர் பிண்டன் ஸ்டோனி 350 டன் கட்டிகளையே மிதவைத் தூக்கியால் இறக்கினார். ஆனால் அது ஆற்றுத் துறையின் அடங்கிய நீர். திறந்த கடலில் அலை சற்று எழுந்தாலே கொக்கியில் தொங்கும் சுமை ஆடும் என்பதைத் தோணியில் சரக்கு ஏற்றியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இந்த இரண்டில் திறந்த கடலுக்கு டைட்டனே மேல் என்பேன்.

அதன் பலவீனமும் அது நிற்கும் இடத்தில்தான் இருக்கிறது. விலையுயர்ந்த இயந்திரம் எப்போதும் முடிவுறாத சுவரின் மேல், கடலை நோக்கி நிற்கிறது. 1881 புயலில் சென்னைத் துறைமுகச் சுவர்கள் சிதைந்தபோது இரண்டு டைட்டன்களும் கடலோடு போயின.

1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடிப் புதுத்துறைமுகத்தின், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளும் இரு அலைத்தடுப்புகளும் கல் கொட்டி எழுப்பியவை. இலங்கை ஒருபுறம் காப்பாக நிற்கும் ஆழமற்ற கடலுக்கு இதுவே பொருத்தம் என்பது என் கணிப்பு. ஆழம் இரட்டித்தால் கல்மேட்டின் அடிப்பரப்பும் விரிவதால் கல்லின் தேவை ஏறக்குறைய நான்கு மடங்காகும். கட்டிகளை அடுக்கிய செங்குத்துச் சுவருக்கோ அது இரு மடங்கை ஒட்டியே நிற்கும். ஆழ்கடலும் கல் தட்டுப்பாடும் சேர்ந்த இடத்தில்தான் டைட்டனின் செலவு நியாயமாகிறது.