சேடிலுக்கு அடியில் வைக்கும் பியெஸோ பிக்அப்: எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

அக்கூஸ்டிக் கிட்டாரின் அழகே மேல்பலகையும் பெட்டிக்குள் இருக்கும் காற்றும் சேர்ந்து அதிர்வதுதான். விரல் கம்பியில் உரசும் சத்தம்கூட பாட்டோடு சேர்ந்துகொள்ளும். பக்கத்தில் ஒரு டிரம் செட் வந்து உட்கார்ந்தால் அத்தனையும் அமுங்கிப்போகும். அங்கேதான் பியெஸோ பிக்அப் வேண்டியிருக்கிறது: சேடிலுக்கு, அதாவது கம்பிகள் அழுந்தி நிற்கும் மெல்லிய பட்டைக்கு, அடியில் இருந்து அழுத்தத்தை மின்குறியாக மாற்றும் உணரி அது. வயர் மாட்டினால் அது அக்கூஸ்டிக்கே இல்லை என்ற பேச்சுக்குக் காது கொடுக்க வேண்டாம். 1993 நவம்பரில் நியூயார்க்கில் நிர்வானா குழு வாசித்த ‘அன்பிளக்ட்’ (வயர் மாட்டாத) நிகழ்ச்சியில்கூட பாடகர் கர்ட் கோபேனின் கிட்டார் ஆம்ப் (ஒலிபெருக்கி) வழியாகவும் போனது.

பியெஸோ காற்றைக் கேட்பதில்லை. சேடிலில் விழும் அழுத்தத்தை மட்டுமே கேட்கிறது. அதனால் விரலால் மெதுவாக மீட்டினால் தெளிவாக இருக்கும். பிளெக்டரம் (மீட்டும் சில்லு) பிடித்து ஓங்கி அடித்தால் பிளாஸ்டிக்கைத் தட்டுவதுபோல் ‘க்வாக்’ என்று கேட்கும். ஈக்வலைசரில் 1.5 முதல் 3 கிலோஹெர்ட்ஸுக்குள் 3, 4 டெசிபல் குறைத்தால் உறுத்தல் தணியும், முழுக்கப் போகாது.

பொருத்துவதில்தான் பாதி வெற்றி. பிக்அப்பின் தடிமன் அளவுக்கு சேடிலின் அடிப்பக்கத்தைத் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் கம்பி உயர்ந்துவிடும். கண்ணாடித் துண்டின்மேல் 400 நம்பர் உப்புத்தாளை ஒட்டுங்கள். சேடிலின் அடியில் பென்சிலால் கோடு போட்டு, சாயாமல் நேராகப் பிடித்துத் தேயுங்கள். கோடு எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் மறைந்தால் அடி சமமாகிவிட்டது. நடுவில் மட்டும் கோடு மிஞ்சினால் அங்கே பள்ளம். அதற்கு மேலே உள்ள கம்பிகளின் சத்தம் இறங்கிவிடும். ஒரு கம்பி மட்டும் அமுங்கிக் கேட்கிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், பிக்அப் பாவம். சேடில் கையால் இழுத்தால் வரும் அளவுக்குத்தான் இறுக்கமாக இருக்க வேண்டும்.

ப்ரீஆம்ப் (பிக்அப்பின் மின்குறியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) கட்டாயம், அதன் உள்ளீட்டு மின்மறுப்பு குறைந்தது 1 மெகாஓம். நேராக மிக்ஸரின் லைன் உள்ளீட்டில் செருகினால் அடிநாதம் காணாமல்போய் தகரம்போல் ஒலிக்கும். ப்ரீஆம்ப் 9 வோல்ட் பேட்டரியில் ஓடுவதென்றால், வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள்; செருகியே இருந்தால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

ஃபீட்பேக், அதாவது ஸ்பீக்கர் சத்தம் கிட்டாருக்கே திரும்பி வந்து எழும் ஊளை, பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். பெரிய உடல் கொண்ட கிட்டாரில் பெட்டிக்குள் இருக்கும் காற்று அதிர்வதும் ஏறக்குறைய அங்கேதான். ஐந்தாம் கம்பியைத் திறந்து மீட்டும்போது, அது 110 ஹெர்ட்ஸ் என்பதால், ஊளை கிளம்பும். முதலில் ஒலித்துளையை ரப்பர் மூடியால் அடையுங்கள், பிறகு மானிட்டரை (வாசிப்பவர் பக்கம் திருப்பிய ஸ்பீக்கரை) தள்ளி வையுங்கள், அதற்கும் அடங்காவிட்டால்தான் அந்த ஒரு அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர்.

குழுவோடு வாசிப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஒரு குரல், ஒரு கிட்டார், சின்ன அறை என்றால் வேண்டவே வேண்டாம். 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேரே, 25 சென்டிமீட்டர் தள்ளி, ஒரு கண்டென்ஸர் மைக் வைத்தால் போதும். ஒலித்துளைக்கு நேரே வைத்தால் அடிநாதம் மட்டும் குமுறும்.