ஒற்றை வரிசைப் பொத்தான் அக்கார்டியனில் கார்டு வாசிப்பு: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கேஜன் இசையில் வழங்கும், பத்துப் பொத்தான்கள் ஒரே வரிசையில் அமைந்த, சி சுருதி அக்கார்டியனைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். இதில் மெட்டு வாசிக்கும் முறையை விளக்குபவர்கள் பலர். கார்டு (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கூட்டு) என்று வந்தால் மட்டும், "இதில் இரண்டே கார்டுகள்தாம் உண்டு" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது இடக்கைப் பக்கத்துக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். வலக்கைப் பொத்தான்களில் எந்தக் கார்டு முழுதாகக் கிடைக்கும், எது பாதியாகக் கிடைக்கும், எது எவ்வளவு முயன்றாலும் கிடைக்காது என்பதை அறிந்துகொண்ட பிறகே இந்தக் கருவியை நான் உண்மையில் வாசிக்கத் தொடங்கினேன் என்று சொல்வேன்.

முதலில் சுர அமைப்பு. சி-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், இதில் இருப்பவை சங்கராபரணத்தின் ஏழு சுரங்கள் மட்டுமே. ஒரே பொத்தான், துருத்தியை அழுத்தும்போது ஒரு சுரத்தையும் இழுக்கும்போது வேறொரு சுரத்தையும் தரும். கீழிருந்து மேலாக, அழுத்தும்போது க, ப, ச, க, ப, ச, க, ப, ச, க என்றும், இழுக்கும்போது ப, நி, ரி, ம, த, நி, ரி, ம, த, நி என்றும் பத்துப் பொத்தான்களும் ஒலிக்கின்றன. சி சுருதி மவுத் ஆர்கன் வாசித்தவர்களுக்கு இது பழகிய ஒழுங்கு: அதன் இரண்டாம் துளை முதல் பத்தாம் துளை வரையுள்ள வரிசை, இங்கே முதல் பொத்தானிலிருந்து ஒன்பதாம் பொத்தான் வரை அப்படியே வருகிறது. இடக்கைப் பக்கத்தில் பாஸுக்கு (கனத்த அடிச்சுரத்துக்கு) ஒன்றும் கார்டுக்கு ஒன்றுமாக இரண்டு பொத்தான்கள். அழுத்தினால் ச-வின் கார்டு, இழுத்தால் ப-வின் கார்டு. இவற்றோடு, ஒலி எழாமல் துருத்தியை நகர்த்த, இடக் கட்டைவிரலுக்கு ஒரு காற்றுப் பொத்தான்.

அழுத்தும் திசையில் கவலையே இல்லை. அங்கே இருப்பவை ச, க, ப மூன்றும்தான் என்பதால், எந்த விரல் எங்கே விழுந்தாலும் ஒலிப்பது ஷட்ஜத்தின் கார்டாகவே இருக்கும். 3, 4, 5 ஆகிய பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் ச-க-ப. ஒரு பொத்தான் கீழே நகர்ந்தால் ப-ச-க. இன்னும் ஒன்று நகர்ந்தால் க-ப-ச. எட்டாம் சுரம் (அதே சுரத்தின் அடுத்த ஸ்தாயி) எப்போதும் மூன்று பொத்தான் தள்ளி இருப்பதால், 3-ஐயும் 6-ஐயும் பிடித்துக்கொண்டு நடுவிலுள்ள இரண்டையும் தாளத்துக்கேற்பத் தட்டினால், மெட்டும் கார்டும் ஒரே கையில் நிறைவாக வந்துவிடும். 1829-இல் வியன்னாவில் சிரில் டெமியன் காப்புரிமை பெற்ற அக்கார்டியனில் ஒவ்வொரு கட்டையும் தனிச் சுரமாக ஒலிக்காமல் ஒரு கார்டாகவே ஒலித்தது. அந்தப் பழைய எண்ணத்தின் சாயலை இந்த அழுத்தும் திசையில் நான் இன்றும் கேட்கிறேன்.

இழுக்கும் திசைதான் பயில வேண்டிய இடம். அங்கே ரி, ம, த, நி என்று நான்கு சுரங்கள் மாறி மாறி வருவதால், எட்டாம் சுரம் நான்கு பொத்தான் தள்ளிப் போய்விடுகிறது. விரல்களை அகல விரிக்க வேண்டும். இடையிலுள்ள பொத்தான்களை அழுத்தும் திசையில் போலத் தாராளமாகச் சேர்த்தால் ரி-ம-த-நி எல்லாம் ஒன்றாக ஒலித்துக் கலங்கிவிடும். அதனால் இழுக்கும்போது எட்டாம் சுர இணையின் இரு ஓரங்களை மட்டும் பிடிப்பதையே வழக்கமாக்கிக்கொண்டேன். பஞ்சமத்தின் கார்டான ப-நி-ரி முழுமையாகக் கிடைப்பது 1, 2, 3 ஆகிய அடிப்பொத்தான்களில் மட்டுமே. இழுக்கும் திசையில் பஞ்சமம் ஒரே ஒரு முறைதான் வருகிறது. நான்காம் பொத்தானையும் சேர்த்தால் ப-நி-ரி-ம என்று, மீண்டும் ஷட்ஜத்துக்குத் திரும்பத் துடிக்கும் ஏழாம் கார்டு (ப-விலிருந்து ஏழாம் சுரமான ம-வும் சேர்ந்த நான்கு சுரக் கார்டு) எழும். மெட்டு மேலே இருக்கும்போது 6, 7 இரண்டில் நி-ரி மட்டும் வாசித்துப் பஞ்சமத்தை இடக்கை பாஸுக்கு விட்டுவிடலாம். கேட்பவருக்குக் கார்டு முழுமையாகவே கேட்கும். 3, 4, 5 தரும் ரி-ம-த என்ற மைனர் கார்டும் (மூன்றாம் சுரம் தாழ்ந்து நிற்கும் கார்டு) முழுமையானதே. ஆனால் அதை வாசிக்கும்போது இடக்கையைத் தூக்கிவிட வேண்டும், இல்லையென்றால் பஞ்சமக் கார்டு வந்து மோதும்.

இனி, கிடைக்காத கார்டு. மத்தியமத்தின் கார்டுக்கு ம, த, ச மூன்றும் வேண்டும். ம-வும் த-வும் இழுக்கும் திசையில் மட்டும் உள்ளன. ச அழுத்தும் திசையில் மட்டும் உள்ளது. துருத்தி ஒரே நேரத்தில் இரு பக்கமும் போகாது. மிகச் சாதாரணமான பாட்டிலும் தேவைப்படும் மூன்று முதன்மைக் கார்டுகளில் (ச, ம, ப ஆகியவற்றின் கார்டுகளில்) ஒன்று இப்படி இல்லாமல் போவது தொடக்கத்தில் பலரைச் சோர்வடையச் செய்கிறது. நான் இப்போது அந்த இடங்களில் 4, 5 இரண்டையும் இழுத்து ம-த மட்டும் வாசிக்கிறேன். இடக்கையை அந்த அளவுக்கு நிறுத்திவைக்கிறேன். மெட்டு ஏற்கெனவே ஷட்ஜத்தைக் காதில் நிறுத்தியிருந்தால் விட்டுப்போன சுரத்தைக் காது தானே நிரப்பிக்கொள்கிறது. கிட்டார் உடனிருந்தால் அது மத்தியமக் கார்டைத் தாங்கிக்கொள்ளும். கிட்டார் இல்லாமலும் இது முடியும் என்பதற்கு, 1929-இல் லூசியானா இசைக்கலைஞர்களான அமேடே ஆர்டோயின் அக்கார்டியனும் டென்னிஸ் மெக்கீ பிடிலுமாகச் செய்த ஒலிப்பதிவுகளைக் கேட்டால் போதும். கார்டு என்று தனியாக எதையும் தேடாமல், எட்டாம் சுர இணைகளும் ஈரிரு சுரத் துணுக்குகளும் தாளத்தோடு விழுந்துகொண்டே இருப்பதால் அந்த இசையில் எங்கும் வெற்றிடம் தெரியாது.

மற்றொரு வழியும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சி சுருதிக் கருவியில் ஜி-யை, அதாவது நாம் இதுவரை பஞ்சமம் என்று சொன்ன சுரத்தை, ஆதாரமாகக் கொண்டு வாசிப்பது. அப்போது இழுக்கும் திசை வீடாகிறது. அழுத்தும் திசையிலுள்ள சி கார்டு நான்காம் கார்டாகிறது, அதாவது புதிய ஆதாரத்திலிருந்து நான்காம் சுரத்தின் கார்டு. இல்லாமல் தவித்த நான்காம் கார்டு, இரு கைகளிலும் முழுமையாகக் கிடைத்துவிடுகிறது. ஐந்தாம் கார்டு இங்கே மைனராகத்தான் வரும், ஜி-யிலிருந்து எண்ணும் நிஷாதமும் கோமளமாகிவிடும், அதாவது தாழ்ந்துவிடும். ஆனால் கேஜன் இசையிலுள்ள புளூஸ் சாயல் கொண்ட பாடல்களுக்கு அந்தக் குறையே நிறமாக அமைகிறது. துருத்தி தொடர்ந்து திறந்துகொண்டே போகும் என்பதால், காற்றுப் பொத்தானைச் சொற்றொடர் முடியும் இடங்களில் அழுத்தி மூடப் பழக வேண்டும்.

காற்றைப் பற்றிச் சொல்லும்போது ஸ்டாப்புகளையும், அதாவது ரீடு (ஒலி எழுப்பும் உலோக நாக்கு) வரிசைகளைத் திறந்து மூடும் குமிழ்களையும், சொல்ல வேண்டும். என் கருவியின் மேலே நான்கு குமிழ்கள் உள்ளன: மந்திர ஸ்தாயிக்கு ஒன்று, மத்திய ஸ்தாயிக்கு இரண்டு, தார ஸ்தாயிக்கு ஒன்று. நான்கையும் திறந்து மூன்று பொத்தான்களை அழுத்தினால் வலக்கையில் மட்டும் பன்னிரண்டு ரீடுகள் காற்றைக் குடிக்கும். நடனத்துக்கு அந்த முழக்கம் வேண்டும். பாடகர் ஒருவருக்குத் துணையாகக் கார்டு வாசிப்பதென்றால் மந்திர ரீடை மூடிவிடுகிறேன். அது திறந்திருக்கும்போது 1, 2 பொத்தான்களில் எழும் கார்டு கனத்து, சுரங்கள் தனித்துத் தெரிவதில்லை.

நீண்ட நாள் பயன்பாட்டில் எனக்குப் பெரும் நிறைவு தந்தது சுருதி அமைப்பு. பல கேஜன் அக்கார்டியன்களில் மூன்றாம் சுரத்தை, அதாவது ஷட்ஜக் கார்டில் காந்தாரத்தையும் பஞ்சமக் கார்டில் நிஷாதத்தையும், பியானோவின் சமப் பங்கீட்டிலிருந்து (ஸ்தாயியைப் பன்னிரண்டு சம அரைச்சுரங்களாகப் பிரிக்கும் முறை) ஏறத்தாழ 14 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) இறக்கி, 5:4 என்ற இயல்பான விகிதத்துக்குக் கொண்டுவந்திருப்பார்கள். நன்கு சுருதி சேர்த்த தம்புராவின் ஷட்ஜத் தந்தியிலிருந்து தானே எழும் அந்தர காந்தாரத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, அந்தக் கார்டு உடனே இசைந்துவிடுகிறது. அதிர்வின்றி ஒரே ஒலியாக நிற்கிறது. பியானோ சுருதியில் அமைந்த கருவியில் அதே கார்டை நான்கு ரீடுகளோடு வாசித்தால் காந்தாரம் கரகரக்கும். கிட்டாரோடு சேரும்போது இரண்டு காந்தாரங்களுக்கும் நூலிழை வேறுபாடு கேட்கும் என்பது உண்மை. அதைக் கிட்டார்க்காரர் மூன்றாம் சுரத்தை மெல்லத் தொட்டுச் சமாளிக்கலாம்.

தேய்மானம் பெரிதாக இல்லை. 5, 6 ஆகிய பொத்தான்களின் ரீடுகள்தாம் முதலில் சுருதி நழுவின. அதிகம் அடிபடுபவை அவைதாம். ரீடுகளைப் பிடித்திருப்பது மெழுகு என்பதால், வெயிலில் நின்ற காருக்குள் இதை ஒருபோதும் வைக்கக் கூடாது.

வாங்க எண்ணுபவர்கள் கருவியைக் கையில் எடுத்ததும் மெட்டு வாசித்துப் பார்ப்பதோடு நின்றுவிட வேண்டாம். எல்லா ஸ்டாப்புகளையும் திறந்து, 3 முதல் 6 வரை நான்கு பொத்தான்களையும் பிடித்துத் துருத்தியை மெதுவாக அழுத்திக் காந்தாரம் அசைகிறதா என்று கேளுங்கள். அடுத்து 1 முதல் 4 வரை பிடித்து, மிகக் குறைந்த விசையில் இழுங்கள். முதல் பொத்தானின் மந்திர ரீடு மற்றவற்றோடு ஒரே நேரத்தில் பேசாமல் பின்தங்கினால், பஞ்சமக் கார்டு ஒவ்வொரு முறையும் அடித்தளம் இல்லாமலே தொடங்கும். அதைச் சரிசெய்து தருவாரா என்று விற்பவரிடம் கேட்ட பிறகே விலை பேசுங்கள்.