நிழலில் ஒளியும் ராபின் ஹூட்: சேர்ந்தே ஜெயிக்க வேண்டிய ஒரு போர்டு கேம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வீட்டில் இருந்து, அதில் ஒருத்தனுக்காவது தோற்றால் காயைக் கலைத்துவிட்டுப் போகிற பழக்கம் இருந்தால், 'தி அட்வென்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்' கேமைத் தாராளமாக வாங்கலாம். இரண்டு பேர் முதல் நாலு பேர் வரை ஆடலாம், ஒரு அத்தியாயத்துக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். எல்லோரும் ஒரே கட்சி, ஜெயித்தால் எல்லோரும் ஜெயிப்பார்கள், இல்லாவிட்டால் நாட்டிங்ஹாம் ஷெரீஃப் ஜெயித்துவிடுவான். ராபின் ஹூட் என்பவன் இங்கிலாந்துப் பழங்கதைகளில் காட்டில் ஒளிந்திருந்து பணக்காரர்களிடம் வழிப்பறி செய்து ஏழைக்குக் கொடுக்கிறவன், ஷெரீஃப் அவனைப் பிடிக்கத் துடிக்கிற அதிகாரி.

உருவாக்கியவர் மிகேல் மென்சல் என்ற ஜெர்மானியர், படங்களும் அவரே வரைந்தது. இதற்கு முன் 2012ல் 'லெஜண்ட்ஸ் ஆஃப் ஆண்டோர்' செய்து மறுவருடம் கென்னர்ஷ்பீல் விருது (ஆடிப் பழகியவர்களுக்கான கேம்களுக்கு ஜெர்மனியில் கொடுப்பது) வாங்கியவர். இந்த ராபின் ஹூட் 2021ல் வந்தது, வருடத்தின் சிறந்த கேமுக்கு ஜெர்மனியில் கொடுக்கிற ஷ்பீல் தெஸ் யாரெஸ் விருதின் அந்த வருடத்து இறுதிப் பட்டியலிலும் இருந்தது. எங்களுக்கு சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா வீட்டார் காரைக்குடிக்குக் கொண்டு வந்தார்கள்.

பலகையில் கட்டமே கிடையாது. பெரிய காட்டுப் படம், நடுவே ஊர், கோட்டை, சாலை, அவ்வளவுதான். பிறகு எப்படி நகர்வது? உங்கள் ஆளின் உருவத்தில் வெட்டிய நீளமான மரக் காய்களைப் படத்தின் மேல் படுக்க வைத்து, ஒன்றின் முனையில் இன்னொன்றைத் தொடுத்து அளந்து, அது முடிகிற இடத்தில் போய் நிற்க வேண்டும். முடிகிற இடம் மர நிழலா, வெட்டவெளியா என்பதில்தான் உயிரே இருக்கிறது. நிழலில் நின்றால் மறைவு, வெளிச்சத்தில் நின்றால் காவலன் கண்ணில் பட வாய்ப்பு. அதனால் பிள்ளைகள் நாலு பேரும் ஜமுக்காளத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, காயின் ஓரம் அந்தப் புதரைத் தொடுகிறதா இல்லையா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். காட்டில் ஒளிந்து வாழ்கிறவன் கதையை விதியாக எழுதி வாசிக்க வைக்காமல் இப்படி உடம்பாலேயே செய்ய வைத்திருக்கிறார் பாருங்கள், அதற்கே மனுஷனுக்கு ஒரு கும்பிடு.

அதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. மிக நீளமான காயைப் பயன்படுத்தாமல் குறைவாக நடந்தால் குலுக்கல் பையில் ஒரு வெள்ளைக் கட்டை கூடும். சண்டை வந்தால் அதே பைக்குள் கைவிட்டுத்தான் எடுக்க வேண்டும், வெள்ளை வந்தால் தப்பித்தோம். அவசரப்பட்டு ஓடுகிறவனுக்கு அடிதடியில் பலம் குறைகிறது என்பதை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது. "ஏண்டா, தாயக்கட்டையே இல்லாம என்னடா ஆட்டம்?" என்று முகப்பிலிருந்து வந்து பார்த்த அப்பத்தாவை, அன்றைக்குப் பாதியிலிருந்து பை எடுக்க மட்டும் தனியாக உட்கார வைத்துவிட்டார்கள். கைராசியாம். "அப்பத்தா, நீங்க எடுங்க, லிட்டில் ஜான் மாட்டிக்கிட்டான்" என்று பையை நீட்டினால், கையை விட்டு நன்றாகத் துழாவிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார்கள்.

யாருடைய முறை அடுத்து என்பதும் குலுக்கலில்தான் வரும். சேர்ந்து ஆடுகிற கேம்களில் எல்லாம் ஒரு நாட்டாமை முளைப்பான், "நீ இங்க போ, நீ அங்க நில்லு" என்று மற்றவர்கள் ஆட்டத்தையும் அவனே ஆடிவிடுவான். இங்கே அடுத்தது யார் என்றே தெரியாததால் அவன் போடுகிற திட்டம் பாதியில் கலைந்துவிடுகிறது. எங்கள் வீட்டு நாட்டாமை நான்தான் என்பது பிள்ளைகள் தரப்பு.

கதை தடித்த அட்டைப் புத்தகத்தில் வருகிறது. பலகையில் எண் போட்ட துண்டுகள் பதிந்திருக்கும், புத்தகம் சொன்னால் எடுத்துத் திருப்பிப் போட வேண்டும், காலியாக இருந்த இடத்தில் காவலன் நிற்பான், அல்லது வண்டி வரும். நாம் ஆடுகிற ஆட்கள் ராபின், மரியன், லிட்டில் ஜான், வில் ஸ்கார்லெட் என்று நாலு பேர். இங்கிலாந்தின் பழைய கதைப்பாடல்களில் லிட்டில் ஜானும் ஷெரீஃபும் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறார்கள், மரியன் பின்னால் ஒட்டிக்கொண்டவள், ஏழைக்கு வாரிக் கொடுக்கிற பழக்கம்கூட நாளாக நாளாகத்தான் கெட்டிப்பட்டது. ஆனாலும் நாலு பேரில் ஒரு பெண் இருப்பது நல்லதாகப் போயிற்று, எங்கள் வீட்டில் மரியன் காய்க்குத்தான் சண்டை.

குறை இல்லாமல் இல்லை. புத்தகம் ஆங்கிலத்தில் இருப்பதால் பெரியவர் ஒருவர் வாய்க்கு வாய் தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டும், அது தொண்டையைக் காய வைக்கிற வேலை. கதை தெரிந்த பிறகு அந்தத் துண்டுகளைத் திருப்புகிற பரபரப்பு பாதியாகிவிடும். எல்லாவற்றையும் பழையபடி திருப்பி வைத்து மறுபடி ஆடலாம் என்றாலும் ரகசியம் உடைந்தது உடைந்ததுதான். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு, வேறொன்றும் கிடையாது, ஆனால் ஆயுசுக்கும் ஆடலாம். இன்னொன்று, ஆத்தங்குடிக் கல் தரையில் நேராக வைத்து ஆடாதீர்கள். அந்தப் பூவேலைக்குள் சின்னக் கட்டைகள் போனால் கண்டுபிடிப்பதற்குள் விளக்கு வைக்கிற நேரமாகிவிடும்.

இதை ஆடியதிலிருந்து, நம் பக்கத்துக் கதையில் இப்படி ஒன்று செய்தால் என்ன என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. வெகுதூரம் போக வேண்டாம், காளையார்கோவில் காடு இருக்கிறது. மருது சகோதரர்கள் சிவகங்கைச் சீமையை ஆண்டவர்கள், ராபின் ஹூட் போல வழிப்பறிக்காரர்கள் இல்லை. ஆனால் 1801ல் கும்பெனிக்கு அவர்கள் பிடித்துத் தூக்கில் போட வேண்டிய ஆட்கள்தான். அந்த வருடம் கும்பெனிப் படை சிறுவயலில் முகாம் போட்டு, காளையார்கோவிலுக்கு வழி உண்டாக்கக் காட்டை வெட்டிக்கொண்டே போனது. ஒரு மாதம் போல வெட்டியும் போய்ச் சேர முடியாமல் பின்வாங்கியது. மென்சலின் திருப்புகிற துண்டுகள் இதற்கென்றே செய்தது போல இருக்கும்: ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துண்டைத் திருப்பினால் அங்கே மரம் போய்ப் பாதை வரும், நாம் ஒளிகிற நிழல் குறைந்துகொண்டே போகும், வெட்டுகிறவர்களைத் தடுத்தால் ஒரு சுற்று தள்ளிப் போகும்.

ஆட்டத்தை எங்கே முடிப்பது என்பதுதான் சிக்கல். அக்டோபரில் காளையார்கோவில் விழுந்துவிட்டது, 24ந் தேதி திருப்பத்தூரில் தூக்கு. அதுவரை கொண்டுபோனால் எத்தனை வெள்ளைக் கட்டை எடுத்தும் பயனில்லை. அதனால் காடு வெட்டிய அந்த ஒரு மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும், படை சிறுவயலுக்குத் திரும்பிவிட்டால் நமக்கு ஜெயம் என்று வைத்துக்கொள்ளலாம். அட்டையில் மாதிரி வெட்ட ஆரம்பித்தாகிவிட்டது. மரம் நன்றாக வரையத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.