கோவையில் முதுகு வளைவுக்கு ஓர் ஆய்வைத் தேடி

டொரண்டோவிலிருந்து கோபிச்செட்டிபாளையத்துக்கு இம்முறை சித்திரை வெயிலில் போனதற்குக் காரணம் அக்கா மகளின் முதுகு. அவளுக்கு 13 வயது. பள்ளிச் சீருடைக்கு அளவெடுத்த தையல்காரர்தான் ஒரு தோள் ஏறி நிற்பதை முதலில் பார்த்துச் சொல்லியிருக்கிறார். டாக்டர் அவளைக் குனிய வைத்துப் பார்த்துவிட்டு ஸ்கோலியோசிஸ் என்றார். வளரும் வயதில், காரணம் இன்னதென்று தெரியாமல் முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்து திருகிக்கொள்ளும் வகை அது. அக்கா என்னிடம் போனில் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தாள். இதற்கு ஏதாவது புதிய ஆய்வு நடந்தால் பிள்ளையைச் சேர்க்கலாமா? சேர்த்தால் அவளை வைத்துச் சோதித்துப் பார்ப்பார்களா? இவற்றுக்குப் பதில் தேடி ஈரோட்டிலும் கோவையிலும் அலைந்ததைத்தான் எழுதுகிறேன். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் உள்ள பிள்ளைக்காகத் தேடும் மாமாக்களும் சித்திகளும் நிறையப் பேர் இருப்பார்கள்.

முதல் தடங்கல் எக்ஸ்ரேயில் வந்தது. ஊருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஸ்கேன் சென்டரில் அவளைப் படுக்க வைத்துப் படம் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். படுத்தால் முதுகின் மேல் உடம்பின் பாரம் இறங்காது. வளைவும் குறைவாகத் தெரியும். கோவையில் அந்தப் படத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, கழுத்திலிருந்து இடுப்பெலும்பு வரை முழுத் தண்டும் தெரியும்படி நிற்க வைத்து மறுபடி எடுத்தார்கள். கதிர்கள் முதுகுப் பக்கமிருந்து பாயும்படி நிறுத்தினார்கள்; பெண் பிள்ளைகளின் மார்புக்குச் சேரும் கதிர்வீச்சு இதனால் குறையும். வளைவின் கோணம் 28 டிகிரி என்று வந்தது. அளப்பவருக்கு அளப்பவர் ஐந்து டிகிரி வரை வேறுபடலாம் என்பதால் ஒன்றிரண்டு டிகிரி ஏறினால் கலங்க வேண்டாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னது அக்காவுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வளைவுக்குப் படம் எடுக்கப் போகிறவர்கள், நிற்க வைத்து முழு நீளத்தில் எடுப்பார்களா என்று போனிலேயே கேட்டுவிட்டுப் போங்கள். பிள்ளைக்கு ஒரு எக்ஸ்ரே மிச்சமாகும்.

கோவை மருத்துவமனையில் ஆய்வுப் பிரிவுக்குத் தனி அறையே இருந்தது. அங்கிருந்த ஒருங்கிணைப்பாளர் இளம்பெண். எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகப் பேசினார். அப்போது அவர்கள் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கான ஆய்வில். எங்கள் பிள்ளைக்கு அது பொருந்தாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. வயது, வளைவின் அளவு, எலும்பு இன்னும் எவ்வளவு வளரப்போகிறது ஆகிய மூன்றும் சேர்ந்துதான் ஒரு பிள்ளை எந்த ஆய்வுக்குள் வரும் என்று முடிவு செய்கின்றன. இடுப்பெலும்பின் விளிம்பில் எலும்பு படர்ந்திருப்பதைப் பார்த்து வளர்ச்சியை மதிப்பிடும் ரிஸ்ஸர் அளவை, எங்கள் படத்திலேயே பென்சிலால் தொட்டுக் காட்டினார்.

அக்காவின் இரண்டாவது கேள்விக்குச் சரியான பதில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 இடங்களில் நடந்த பிரெய்ஸ்ட் ஆய்வில் இருக்கிறது. அதன் முடிவு 2013இல் வெளியானது. 10 முதல் 15 வயது வரை, 20 முதல் 40 டிகிரி வரை வளைவுள்ள பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஒரு பிரிவுக்குப் பெல்ட், அதாவது வளைவு கூடாமல் இருக்க உடம்பைச் சுற்றிப் போடும் கெட்டியான பிளாஸ்டிக் கவசம். இன்னொரு பிரிவுக்குக் கண்காணிப்பு மட்டும். யாருக்கு எது என்று குலுக்கலில் முடிவாவதைப் பல பெற்றோர்கள் ஏற்கவில்லை. யாரையும் வற்புறுத்தாமல், தாங்களே தேர்ந்தெடுக்க விரும்பியவர்களுக்கும் ஆய்வில் இடம் கொடுத்தார்கள். முடிவுக்கு எடுத்துக்கொண்ட 242 பேரில் குலுக்கலுக்கு உடன்பட்டவர்கள் 116, தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள் 126. வளர்ச்சி முடியும்போது வளைவு 50 டிகிரியைத் தொடாமல் இருந்தால் வெற்றி. பெல்ட் போட்டவர்களில் 72 சதவீதம், போடாதவர்களில் 48 சதவீதம். பலன் தெளிவானதும் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகளை வைத்து விருப்பம்போல் சோதித்துப் பார்க்கிறார்கள் என்ற பயத்துக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. பெல்ட் இல்லாமலே பாதிப் பேர் தப்பித்திருப்பதையும் அக்காவிடம் மறைக்கவில்லை.

அந்த ஆய்வில் பெல்ட்டுக்குள் வெப்பத்தை உணரும் சிறு கருவி வைத்து, உண்மையில் எத்தனை மணி நேரம் போட்டார்கள் என்று பதிவு செய்தார்கள். சொல்லியிருந்தது நாளுக்கு 18 மணி நேரம். ஏறத்தாழ 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் பலன் கிடைத்தது. அப்படியென்றால் எல்லாம் மணிக்கணக்கில்தான் இருக்கிறது. இந்த இடத்தில்தான் கோபிச்செட்டிபாளையத்தின் வெயில் குறுக்கே வருகிறது.

அவளுக்கு மாவுக்கட்டில் அச்செடுத்து, பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி வளைத்துப் பெல்ட் செய்தார்கள். செய்தவர் கைதேர்ந்தவர். எந்த இடத்தில் அழுத்த வேண்டும், எந்த இடத்தில் முதுகு நகர இடம் விட வேண்டும் என்று விளக்கிக்கொண்டே வெட்டினார். உள்ளே தையல் உறுத்தாத பருத்திப் பனியன் போடச் சொன்னார். ஆனாலும் மதியம் மின்சாரம் போனால் அந்தப் பிள்ளை என்ன செய்வாள்? பனியன் நனைந்து, இடுப்பில் தோல் சிவந்து, அவள் பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு முகம் வாடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். டொரண்டோவில் குளிருக்கு மூன்றடுக்கு உடுத்தும் பிள்ளைக்குப் பெல்ட் நான்காவது அடுக்கு. எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு அது வேறு கதை. சுவீடனில் 135 பிள்ளைகளைச் சேர்த்து நடந்த ஆய்வு 2024இல் வெளியானது. அதில் இரவில் மட்டும் பெல்ட் போட்டவர்களில் 76 சதவீதம் பேருக்கு வளைவு முன்னேறவில்லை. பெல்ட் இல்லாமல் பொதுவான உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களில் அது 53 சதவீதம். இரவு பெல்ட் நம் வெயிலுக்கு எவ்வளவு பொருத்தமான யோசனை! அதை ஈரோட்டு வெயிலில், நம் பள்ளி நேரத்தில், நம் பிள்ளைகளிடம் பெரிய அளவில் செய்து பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அப்படி ஒன்று வந்தால் அக்கா மகளைச் சேர்க்க நானே முதலில் நிற்பேன்.

இங்கே அதற்கான திறமைக்குக் குறைவில்லை. கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் ராஜசேகரன் குழுவினர் முதுகு வளைவும் கூனும் உள்ள 33 பேரிடம், அறுவை சிகிச்சையின்போது கணினி வழிகாட்டலுடன் முதுகெலும்பில் திருகாணி பொருத்துவதையும் அது இல்லாமல் பொருத்துவதையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்டு 2007இலேயே வெளியிட்டார்கள். வழிகாட்டல் இல்லாதபோது திருகாணிகளில் 23 சதவீதம் எலும்பின் சுவரைத் தாண்டியிருந்தன. வழிகாட்டலுடன் 2 சதவீதம். தண்டுவடத்துக்குப் பக்கத்தில் நடக்கும் வேலையில் அந்த வித்தியாசத்தின் மதிப்பு, பிள்ளையை அறுவை அரங்குக்கு அனுப்பிவிட்டு வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும்.

என்னை உண்மையிலேயே கோபப்படுத்தியது வேறொரு மருத்துவமனையில் கண்டது. பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு தாயிடம், சேர்க்கைக்கான தாள்களோடு சேர்த்து ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தையும் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டார்கள். முழுக்க ஆங்கிலம். அவர் என்னிடம் நீட்டி, "இது எதற்குங்க?" என்று கேட்டார். படித்துச் சொன்னேன். கேட்டபோது, தமிழ்ப் படிவம் அலமாரியிலேயே இருந்தது! இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் இதில் தெளிவாக இருக்கின்றன. புரியும் மொழியில் விளக்க வேண்டும். ஒரு நகலைக் கையில் தர வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் சிகிச்சை குறையக் கூடாது. ஆய்வால் கேடு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. 12 வயதைத் தாண்டிய பிள்ளையிடம் அதன் சம்மதத்தையும் எழுத்தில் வாங்க வேண்டும். கோவை ஒருங்கிணைப்பாளர் ஆய்வே இல்லாதபோதும் எங்கள் பெண்ணைப் பார்த்து, "உனக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார். பெல்ட்டோடு எறிபந்து ஆடலாமா என்று அவள் கேட்டாள். ஆடும்போது கழற்றிவிட்டு, முடித்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று பதில் வந்ததும் அவள் முகம் தெளிந்ததே, அதற்காகவே அந்த அறைக்குப் போனது தகும்.

வெளியூரிலிருந்து தேடுகிறவர்களுக்கு இணையத்தில் உள்ள இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு (CTRI) போதும். 2007இல் தொடங்கியது, 2018 ஏப்ரல் முதல், ஆள் சேர்க்கத் தொடங்கும் முன்பே பதிந்த ஆய்வுகளை மட்டுமே ஏற்கிறார்கள். நோயின் ஆங்கிலப் பெயரைத் தட்டினால், எந்த ஊரில் நடக்கிறது, யாரைச் சேர்ப்பார்கள், நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்ததா, யாரிடம் கேட்கலாம் என்பதெல்லாம் இலவசமாகக் கிடைக்கும். ஆய்வு என்று சொல்லிப் பணம் கேட்கிற இடத்தில் முதலில் அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்த நின்ற நிலை எக்ஸ்ரே ஆறு மாதத்தில். அதுவரை பதிவேட்டை இங்கிருந்து பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பெல்ட் நேரத்தை நோட்டில் எழுதி வருவது அவள் பொறுப்பு என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.