யமுனைக் கரையா, ஆரவல்லிக் குன்றா?

தில்லியின் மயூர் விஹாரிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் வளரும் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு, சிதைந்த நிலத்துக்குக் காடும் உயிர்களும் திரும்புவதை நேரில் காட்ட இரண்டு இடங்கள் உள்ளன: வஜீராபாத் அருகிலுள்ள யமுனை பல்லுயிர்ப் பூங்காவும், குருகிராமின் ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவும்.

முன்னதை, உவர் ஏறிக் கிடந்த ஆற்றுச் சமவெளியில் தில்லி வளர்ச்சி ஆணையமும் தில்லிப் பல்கலைக்கழக அறிவியலாளர்களும் இணைந்து உருவாக்கினார்கள். ஈரநிலமும் புல்வெளியும் மரங்களும் வளர வளர, அவற்றை நாடிப் பறவைகளும் மான் வகைகளும் வந்தன. 2016இல் ஒரு சிறுத்தையே வந்து சேர்ந்தது. சில வாரங்களில் அதைப் பிடித்து வேறு காட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. ஏனெனில், திரும்பி வரும் விலங்கோடு வாழ நாம் ஆயத்தமாக இருக்கிறோமா என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

பின்னது, கல் வெட்டிக் கைவிடப்பட்ட பாறை நிலம். நம் ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலம்தான் அங்கும் பரவியிருந்தது என்றால், கோடை விடுமுறைக்கு ஊர் சென்று வந்த பிள்ளைக்கு உடனே விளங்கும். அதன் இடத்தில் ஆரவல்லிக்கே உரிய மரங்கள் நிற்பதற்கு, பள்ளி மாணவர்களும் குடியிருப்பாளர்களும் கன்று நட்டதும் ஒரு காரணம்.

பத்து வயதுக்கு உட்பட்டவர்களை நான் குளிர்காலத்தில் யமுனைக்கே அழைத்துச் செல்வேன். வலசை வாத்துகள் பொறுமையற்ற குழந்தையையும் நிற்க வைக்கும். செடிகளைப் பெயர் சொல்லிக் கேட்கும் வயது வந்தபின், மழை பெய்து ஓய்ந்த ஆரவல்லி.