டெலிவரி டிரைவர் பயிற்சிக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருஷம் அயர்ன் மாஸ்டராக இருந்தேன். ஆர்டர் குறைந்து வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்று ஆனபோது, குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டால் குடும்பத்தை ஓட்டிவிடலாம் என்று தோன்றியது. காதர்பேட்டையில் பண்டல் ஏற்றிக்கொண்டு பார்சல் ஆபீஸுக்கு ஓடுகிற வண்டிகளைத் தினமும் பார்க்கிறவன் நான். நல்ல டிரைவர் கிடைப்பதில்லை என்று வண்டிக்காரர்கள் புலம்புவதையும் டீக்கடையில் கேட்டிருக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் சுவரில் ஒரு போஸ்டர் கண்ணில் பட்டது. ‘45 நாளில் டெலிவரி டிரைவர். லைசென்ஸ், பேட்ஜ், வேலை, மூன்றும் எங்கள் பொறுப்பு.’ பேட்ஜ் என்றால் வாடகை வண்டி, சரக்கு வண்டி ஓட்டத் தனியாக வாங்குகிற அனுமதி. கட்டணம் 18,500 ரூபாய். என் மனைவி காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். அடகு வைத்துக் கட்டினேன். அந்த டிரைவிங் ஸ்கூலின் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன், அது நடந்துகொண்டிருக்கிறது. பெயர் தெரியாவிட்டாலும் இவர்கள் செய்கிற முறை தெரிந்தால் போதும், வேறு ஊரில் வேறு பெயரில் இதே கடை இருந்தாலும் அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

சேருவதற்கு முன் நான் நன்றாகத்தான் தயாரானேன். கண் டாக்டரிடம் போய்க் கண்ணாடி பவரைச் சரிபார்த்தேன். சாலைக் குறியீடுகளை ராத்திரி உட்கார்ந்து மனப்பாடம் செய்து எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) தேர்வில் முதல் தடவையே பாஸானேன். ஆனால் அந்த ஸ்கூல் ஆபீஸின் சுவரை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கத் தவறிவிட்டேன். டிரைவிங் ஸ்கூல் நடத்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தருகிற உரிமத்தின் அசலையும், சொல்லிக்கொடுப்பவர்களின் பெயர் விவரத்தையும் பார்வையில் படும்படி மாட்டி வைக்க வேண்டும். 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 27ஆவது விதி இதைச் சொல்கிறது. அங்கே மாட்டியிருந்தது சாமி படமும், மாலை போட்ட யாரோ ஒரு அரசியல்வாதியோடு முதலாளி நிற்கிற போட்டோவும்தான்.

முதல் நாளே பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டின் ஒரிஜினலை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். “ஆர்டிஓ ஆபீஸ்ல கேப்பாங்க, எங்ககிட்டயே பத்திரமா இருக்கட்டும்” என்றார்கள். பாதியில் விலகலாம் என்று நான் நினைத்தபோதெல்லாம் அந்த மார்க் ஷீட்தான் என்னை இழுத்துப் பிடித்தது. ஒரிஜினலைக் காட்டுங்கள், கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

பயிற்சி வண்டி ஒரு பழைய மாருதி கார். சரக்கு வண்டியைக் கண்ணிலேயே காட்டவில்லை. ஒரு நேரத்தில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு அவிநாசி ரோட்டில் போவார்கள், ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஸ்டீயரிங் கிடைக்கும். மீதி நேரம் பின்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இப்படி 14 நாள். நான் நிஜமாக ஓட்டிய நேரத்தைக் கூட்டினால் மூன்று மணி நேரம்கூட வராது.

அந்த மூன்று மணி நேரத்திலும் நான் ஓட்டினேன் என்று சொல்ல முடியாது. பயிற்சி வண்டியில், சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கும். விதிப்படி இருந்தே ஆக வேண்டும், ஆபத்து வந்தால் அவர் வண்டியை நிறுத்துவதற்காக. ஆனால் எங்கள் மாஸ்டர் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை காலை அதிலிருந்து எடுக்கவே இல்லை. நான் அழுத்துவதற்கு முன்பே என் காலுக்குக் கீழே கிளட்ச் பெடல் தானாக இறங்கும். கியர் மாறியதும் தானாக மேலே வரும். வண்டி குலுங்காமல் போகிறதே, பழகிவிட்டோம் என்று நானும் சந்தோஷப்பட்டேன். உங்கள் கால் அழுத்தாமல் பெடல் நகர்ந்தால் அன்றே வாய்விட்டுக் கேளுங்கள்: “மாஸ்டர், ஒரு ரவுண்டு காலை எடுத்துடுங்க, வண்டி ஆஃப் ஆனா ஆகட்டும்.” ஆஃப் ஆகி ஆகித்தான் கிளட்ச் பிடிபடும்.

பதினைந்தாம் நாள் ஆபீஸுக்குக் கூப்பிட்டு ஒரு நோட்டை என் முன்னால் விரித்தார்கள். தேதி, ஏறிய நேரம், இறங்கிய நேரம், கடைசிக் கட்டத்தில் என் கையெழுத்து. 21 வரிசை. இன்னும் வராத தேதிகள்கூட அதில் எழுதியிருந்தன. அங்கே இருந்த பையன் கறுப்பு பேனா ஒன்றும் நீலப் பேனா ஒன்றும் கொடுத்து, “மாத்தி மாத்திப் போடுங்கண்ணா, ஒரே மாதிரி இருந்தா சந்தேகம் வரும்” என்றான். எதற்கு என்று கேட்டேன். “சும்மா ஃபார்மாலிட்டி” என்றான். போட்டுவிட்டேன்.

அது சும்மா இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கார் ஓட்டக் கற்பவருக்குக் குறைந்தது 21 நாள் பயிற்சி, அதில் 10 மணி நேரம் நிஜமாக ஓட்டியிருக்க வேண்டும் என்று 31ஆவது விதி சொல்கிறது. ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்பதற்கான பதிவேடுதான் அந்த நோட்டு, படிவம் 15. நாளைக்கு நீங்கள் புகார் கொடுத்தால் உங்கள் கையெழுத்தையே எடுத்து நீட்டுவார்கள். ஓட்டாத நாளுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுத்தான் ஆக வேண்டும் என்று மிரட்டினால் அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை, இப்போது அதற்காகத்தான் அல்லாடுகிறேன்.

லைசென்ஸ் டெஸ்ட் அன்று மாஸ்டர் இறங்கிக்கொண்டார், மோட்டார் வாகன ஆய்வாளர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கால் பெடலில் இல்லை. வண்டியை எடுக்கும்போதே ஆஃப் ஆனது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன், மறுபடி ஆஃப். மூன்றாவது தடவை ரிவர்ஸில் நின்றுபோனது. எனக்குச் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. “எத்தனை நாள் ஓட்டினீங்க?” என்று கேட்டார். நான் மாஸ்டரைப் பார்த்தேன், அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லா ஓட்டிப் பழகிட்டு வாங்க, லைசென்ஸ் எங்கயும் போயிடாது” என்று சொல்லி ஆய்வாளர் அனுப்பிவிட்டார்.

வெளியே வந்ததும் மாஸ்டர், “ஐயாயிரம் எடுத்து வைங்க, அடுத்த தடவை வண்டியில உக்காந்தாப் போதும், மேல பேசிக்கலாம்” என்றார். அந்த அதிகாரி என்னிடம் ஒரு பைசா கேட்கவில்லை. அவர் பெயரைச் சொல்லி இவர்கள் கேட்கிறார்கள். விதிக்கு மாறாக லைசென்ஸ் வாங்கித் தர முடியும் என்று சேர வருகிறவர்களை நம்ப வைக்கக் கூடாது என்று முன்னே சொன்ன அதே 27ஆவது விதியில் வெளிப்படையாகவே இருக்கிறது. லைசென்ஸ் கொடுப்பது அரசாங்கம், ஓட்டச் சொல்லிக்கொடுப்பது மட்டும்தான் இவர்கள் வேலை.

பேட்ஜுக்கென்று தனியாக 4,500 வாங்கியிருந்தார்கள். அதைப் பற்றி விவரம் தெரிந்த ஒரு வக்கீலிடம் கேட்டேன். காருக்கு வாங்குகிற இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. 2024 நவம்பர் 6ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதையே உறுதி செய்தது. குட்டியானை அந்த எடைக்குள் அடங்கிவிடுகிற வண்டி. கேஸ், பெட்ரோல் மாதிரி ஆபத்தான சரக்குக்கு மட்டும் தனிப் பயிற்சி உண்டு. துணி பண்டல் ஏற்ற எதற்கு பேட்ஜ்?

அரசாங்கக் கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன். மத்திய விதிப்படி ஒரு வகை வண்டிக்கு எல்எல்ஆர் 150, அதற்கான தேர்வு 50, ஓட்டும் தேர்வு 300, லைசென்ஸ் 200. மொத்தம் 700 ரூபாய், அதற்கு மேல் கொஞ்சம் சேவைக் கட்டணம் வரும். அரசாங்கத்தின் பரிவாஹன் இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். கார் லைசென்ஸுக்கு டிரைவிங் ஸ்கூல் வழியாகத்தான் போக வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. பள்ளியில் சேர்ந்தால் அரசுக் கட்டணம் எவ்வளவு, பயிற்சிக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிய ரசீது கேளுங்கள். எனக்குக் கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டில் ‘டெலிவரி பேக்கேஜ்’ என்ற இரண்டு வார்த்தைதான்.

வேலை என்று சொன்னது பல்லடம் ரோட்டில் ஒரு குடோன். ஸ்கூலில் கொடுத்த கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த சூப்பர்வைசர் வாங்கிப் பார்த்துவிட்டு, “ஏனுங் தம்பி, இந்த ஸ்கூல் யாருன்னே எங்களுக்குத் தெரியாதுங்க. இதே காகிதத்தோட இந்த மாசம் நீங்க நாலாவது ஆளு” என்றார். நல்ல மனுஷர், உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். டிரைவரிடம் அவர்கள் என்ன பார்ப்பார்கள் என்று கேட்டேன். கண்ணாடியை மட்டும் பார்த்து மேடைக்கு ரிவர்ஸ் எடுக்கணும். லோடு சாயாமல் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டணும். பில்லில் இருக்கிற பண்டல் எண்ணிக்கையும் வண்டியில் ஏறியதும் ஒன்றா என்று எண்ணணும். சரக்கு மதிப்பு தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்தையோ, வெளிமாநிலத்துக்கு ஐம்பதாயிரத்தையோ தாண்டினால் இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டியில் எடுக்கிற மின்னணுச் சீட்டு) இல்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது, வழியில் பிடித்தால் வண்டியே நின்றுவிடும். டெலிவரி டிரைவர் பயிற்சி என்று 18,500 வாங்கியவர்கள் இதில் ஒன்றைக்கூட வாயால் சொன்னதில்லை. அவர் அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்தார்.

வக்கீல் நோட்டீஸ் போன பிறகு மார்க் ஷீட்டும் 6,000 ரூபாயும் திரும்ப வந்தன. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினாலும் புகார் பதிவாகும். பள்ளியின் உரிமத்தை விசாரிக்கச் சொல்லி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் தனியாக ஒரு மனு எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பெரியப்பா மகன் பக்கத்தில் உட்கார, அவர் ஆம்னியில் எல் போர்டு மாட்டி ஓட்டிப் பழகுகிறேன். முதல் நாள் ஒன்பது தடவை ஆஃப் ஆனது. போன வாரம் இரண்டு தடவை.

என்னோடு அந்த மாருதியின் பின்சீட்டில் இருந்த நான்கு பேரில் இரண்டு பேரைக் கண்டுபிடித்துவிட்டேன், சாட்சி சொல்ல வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். அதே நோட்டில் இரண்டு கலர் பேனாவில் கையெழுத்துப் போட்டவர்கள் வேறு யாராவது இதைப் படித்தால் துண்டுச் சீட்டையும் பணம் அனுப்பிய மெசேஜையும் அழிக்காமல் வைத்திருங்கள், என்னைத் தொடர்பு கொள்ளுங்கள். ஒரே மனுவில் சேர்ந்து போகலாமா என்று வக்கீலிடம் கேட்டுச் சொல்கிறேன்.