108-ஆ, வாடகை ஆம்புலன்ஸா: உள்ளே யார் சொல்வது செல்லும்?

குடியாத்தத்தில் ஒருவருக்கு நெஞ்சுவலி. வேலூரில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, தனியார் மருத்துவமனையான சி.எம்.சி.க்கோ போக வேண்டும். எந்த வண்டி சீக்கிரம் வரும் என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். யார் சொன்னால் டிரைவர் வேகத்தைக் குறைப்பார் என்று கேட்பதில்லை. நான் அதை வைத்துத்தான் வண்டியைத் தேர்வு செய்வேன்.

108-ல் இது தெளிவு. 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடுகிறது. வண்டி 'பைலட்' எனப்படும் டிரைவர் பொறுப்பு, நோயாளி இ.எம்.டி. எனப்படும் அவசர மருத்துவ உதவியாளர் பொறுப்பு, சிகிச்சையில் சந்தேகம் வந்தால் கட்டுப்பாட்டு அறை டாக்டரிடம் போனில் கேட்பார்கள். கூட வரும் உறவினருக்கு இதில் அதிகாரம் இல்லை. ஆனால் நாம் சொல்லும் தனியார் மருத்துவமனைக்கே போகும் என்று நம்பி ஏறக்கூடாது.

வாடகை வண்டி சொன்ன இடத்துக்குப் போகும், சென்னையானாலும் பெங்களூரானாலும். சிக்கலும் அதுதான். ஓனர் போனில், டிரைவர் ஸ்டியரிங்கில், பின்னால் அழுதபடி நாம். காசு கொடுப்பவர் "இன்னும் வேகமா போப்பா" என்றால் அதுவே உத்தரவு.

சைரன் வண்டிக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் உண்டு. அவசரத்தில் சிவப்பு விளக்கையும் தாண்டலாம். ஆனால் பிறருக்கு ஆபத்தில்லாமல். கவனக்குறைவால் ஒருவர் இறந்தால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 106(1)-ன்படி 5 ஆண்டு வரை சிறை. சிகிச்சையின்போது கவனக்குறைவாக இருந்த டாக்டருக்கு மட்டும் உச்சவரம்பு 2 ஆண்டு, டிரைவருக்கோ இ.எம்.டி.க்கோ அந்தச் சலுகை கிடையாது. இழப்பீடு ஓனர் தலையிலும் இன்சூரன்ஸ் தலையிலும் விழும். "ஓனர் சொன்னார்" என்று சொல்லி டிரைவர் தப்ப முடியாது. அவசரப்படுத்தியவரும் தப்புவதில்லை: ஆபத்தாக ஓட்டத் தூண்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 188-ன்படி, ஆபத்தாக ஓட்டியதற்கு அந்தச் சட்டத்தில் உள்ள தண்டனையே இவருக்கும். நோயாளியின் மச்சானாக இருந்தாலும்தான்!

மருத்துவமனையின் சொந்த வண்டி, நர்ஸ் கூட வந்தால் நல்லது. வராவிட்டால் அதுவும் வாடகை வண்டி மாதிரிதான்.

நெஞ்சுவலி, விபத்து, பிரசவம் என்றால் யோசிக்காமல் 108. டிஸ்சார்ஜ் ஆனவரை வாணியம்பாடிக்குக் கூட்டிப்போக வாடகை வண்டி போதும், சைரனே வேண்டாம். மோசமான நிலையில் வாடகை வண்டிதான் கிடைத்தது என்றால், 'டி' வகையா, அதாவது உயிர்காக்கும் கருவிகள் உள்ளதா என்று கேளுங்கள்; நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் பின்னால் இருக்கிறாரா என்றும் பாருங்கள். வேகத்தை அவரும் டிரைவரும் முடிவு செய்யட்டும் என்று குடும்பத்தாரிடம் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.